முழுமைத் திட்டத்தை எதைக் கொண்டு அளப்பது?

தென்சென்னையில் வீடு வாங்க நினைக்கும் நண்பர்கள் என்னிடம் பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான் கேட்பார்கள். "சி.எம்.டி.ஏ. அப்ரூவல் இருக்கா?" என்பது ஒன்று; சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் அனுமதியைத்தான் அப்படிச் சொல்வார்கள். "தண்ணி நிக்குமா?" என்பது இன்னொன்று. மேடவாக்கம், பெரும்பாக்கம், வேளச்சேரிப் பக்கம் பல இடங்களுக்கு இரண்டுக்கும் பதில் ஆமாம்தான். அரசு வரைபடத்தில் குடியிருப்பு என்று வண்ணம் தீட்டிய நிலம். முறையாக அனுமதி பெற்ற மனைப்பிரிவு. முறையாக அனுமதி பெற்ற கட்டடம். ஆனாலும் டிசம்பரில் தரைத்தளத்துக்குள் தண்ணீர் வருகிறது. விதியை மீறிக் கட்டியவர் வீடு மூழ்கினால் அவரைக் குறை சொல்லிவிடலாம். விதிப்படி கட்டியவர் வீடும் மூழ்குகிறது என்றால், அந்த விதியைத் தந்த திட்டத்தைத்தான் விசாரிக்க வேண்டும்.

விசாரிக்க இதுதான் நேரம். சென்னைப் பெருநகருக்கான இரண்டாவது முழுமைத் திட்டம், அதாவது எந்த நிலத்தில் எது வரலாம் என்று வகுக்கும் மாஸ்டர் பிளான், 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. பரப்பு 1,189 சதுர கிலோமீட்டர், இலக்கு ஆண்டு 2026. 2046 வரைக்குமான மூன்றாவது திட்டம் தயாராகி வருகிறது. பெருநகர எல்லையும் 2022-ல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்துவிட்டது. அரக்கோணம் வரைக்கும் இனி 'சென்னை'தான். இவ்வளவு பெரிய நிலத்துக்குப் புதிதாகக் கோடு போடும் முன், பழைய கோடுகள் என்ன ஆயின என்று கணக்குப் பார்க்க வேண்டாமா?

ஒரு நகரத் திட்டம் நீடித்து நிற்குமா என்று மதிப்பிட உலகம் முழுக்க அளவுகோல்கள் இருக்கின்றன. ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் பதினொன்றாவது நகரங்களுக்கானது. நம் ஒன்றிய அரசும் வாழ்வதற்கு எளிதான நகரங்கள் என்று ஒரு தரவரிசை வெளியிட்டது. 2020-ம் ஆண்டுக்கான அந்தப் பட்டியல் 2021 மார்ச்சில் வந்தது. பெருநகரங்களில் பெங்களூரு முதலிடம், சென்னை நான்காவது. அதே ஆண்டு நவம்பரில் தி.நகர் நாள் கணக்கில் தண்ணீரில் நின்றது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் பெரும் பணம் செலவழித்த பகுதி அது. தரவரிசை பொய் சொன்னது என்று நான் சொல்லவில்லை. குழாய் இணைப்பு எத்தனை, பள்ளிக்கூடம் எத்தனை, பூங்கா எத்தனை என்று எண்ணி, நகரம் முழுவதுக்கும் சராசரி போட்டால் அப்படித்தான் வரும். அண்ணா நகரின் நிழற்சாலையும் செம்மஞ்சேரியின் சேற்றுத் தெருவும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும். அப்புறம், நகரத்துக்கு மதிப்பெண் போடுவது வேறு, நகரத்தின் திட்டத்துக்குப் போடுவது வேறு. திட்டம் இல்லாவிட்டாலும் நடந்திருக்கக் கூடியது எது, திட்டத்தால் நடந்தது எது என்று பிரித்துப் பார்த்தால்தான் அது மதிப்பீடு.

இந்த அளவுகோல்களில் பலவற்றுக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: வரைபடத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் தரையில் எழும் என்பது. நம் ஊர் நிலைமை வேறு. இங்கே வரைபடம் ஒரு பக்கம் இருக்கும், ஊர் ஒரு பக்கம் வளரும், சில வருடம் கழித்து ஓர் அரசாணை வந்து இரண்டையும் சேர்த்துவைக்கும்.

அந்த வரலாற்றைப் பார்த்தாலே திட்டத்தின் உண்மையான வலு தெரியும். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ல் வந்தது. அதில் 113-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, 1999 பிப்ரவரி 28-க்கு முன் விதிமீறிக் கட்டியவர்கள் கட்டணம் செலுத்தி வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம் என்றார்கள். ஒரே ஒரு முறைதான் என்று சொல்லப்பட்ட அந்தச் சலுகைக்கான தேதி 2000, 2001, 2002 என்று தள்ளிக்கொண்டே போனது. பின்னால் வந்த நீட்டிப்புகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006-ல் ரத்து செய்தது. 2012-ல் 113-சி வந்தது. இந்த முறை 2007 ஜூலை 1 வரை கட்டியவற்றுக்கு. அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக் கூடாது என்று 2016-ல் உயர் நீதிமன்றம் தடை போட்டது. அடுத்த ஆண்டே அந்த மனைகளுக்கும் ஒரு வரன்முறைத் திட்டம் வந்தது.

அங்கீகாரமில்லாத மனை வாங்கியவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. சீட்டுப் போட்டு, நகையை அடகு வைத்து, முடிச்சூரிலோ மாங்காட்டிலோ அரை கிரவுண்டு வாங்கினவர்கள் அவர்கள். அங்கீகாரம் உள்ள மனையின் விலை அவர்களுக்கு எட்டாது. லட்சக்கணக்கான குடும்பங்கள் திட்டத்துக்கு வெளியே போய்த்தான் குடியேற முடிந்தது என்றால், திட்டம் அவர்களுக்கு இடமே ஒதுக்கவில்லை என்று பொருள். அதனால் ஒரு நகரத் திட்டத்தை மதிப்பிடச் சொன்னால் நான் முதலில் அதன் விதிவிலக்குகளைத்தான் கேட்பேன். எத்தனை ஏக்கர் விவசாய நிலம் குடியிருப்பாக மாறியது, எந்தெந்த சர்வே எண்ணில், எந்தத் தேதியில், யார் கேட்டு? நில வகைப்பாட்டை மாற்றச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஒவ்வொரு மாற்றமும் தனியாகப் பார்த்தால் சிறியதுதான். எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்த்தால்தான் திட்டத்தில் என்ன மிஞ்சியது என்று தெரியும்.

அடுத்து நான் பார்ப்பது தண்ணீர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தென்சென்னையின் ஏரிகள் தனித்தனிக் குளங்கள் கிடையாது. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் படிப்படியாக இறங்குபவை. ஒன்றின் கலங்கலில், அதாவது மிகைநீர் வெளியேறும் இடத்தில், வழிந்தது அடுத்ததன் வரத்துக் கால்வாயில் சேரும். கடைசியில் எல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு வரும். ஏறக்குறைய 250 சதுர கிலோமீட்டரில் பெய்த மழை அங்கே வந்து பரந்து நின்று, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி மூலமாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காட்டில் கடலைத் தொடும். நிலம் அங்கே கிட்டத்தட்டச் சமதளம். தண்ணீர் மெதுவாகத்தான் நகரும். அது நிற்பதற்கு இடம் வேண்டும், அந்த இடம்தான் சதுப்புநிலம்.

ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த சதுப்பு அது. பெருங்குடியில் குப்பைமேடு வந்தது. சாலை அதை இரண்டாகக் கிழித்தது. ரயில் நிலையம், ஆராய்ச்சி நிறுவனங்கள், ஐ.டி. வளாகங்கள் வந்தன. பறக்கும் ரயிலின் தூண்கள் நகருக்குள் பக்கிங்காம் கால்வாயிலேயே இறங்கின. இதில் ஆக்கிரமிப்பாளர் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் குடிசைவாசி எங்கே இருக்கிறார்? பெரும்பகுதி அரசின் கையால் நடந்தது.

இரண்டாவது முழுமைத் திட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. நியாயமாகச் சொல்ல வேண்டும்: பள்ளிக்கரணைச் சதுப்பு, கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து நிலத்தடி நீர்ச் செறிவுப் பகுதி, செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி மூன்றையும் கட்டுப்பாட்டுப் பகுதிகளாக அது குறித்தது. கிராமம், சர்வே எண் வாரியாகக் குறித்தது. ஆனால் சதுப்பின் எல்லையைச் சர்வே எண்ணால் பூட்டியவர்கள், அதைச் சுற்றியுள்ள வெள்ள வடிகால் நிலத்துக்குக் குடியிருப்பு வண்ணம் பூசினார்கள். சதுப்புக்குத் தண்ணீர் வரும் வழி ஒரு வண்ணம், சதுப்பு வேறு வண்ணம். 2022-ல் 1,248 ஹெக்டேர் அளவுக்கு, உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தது. 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அறிவியல் ஆய்வு முடியும்வரை ராம்சர் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய அனுமதி தரக் கூடாது என்றது. திட்டத்தின் ஆயுள் முடியும் நேரத்தில், திட்டம் போட்டிருக்க வேண்டிய கோட்டை ஒரு தீர்ப்பாயம் போட வேண்டியிருந்தது. இடையில் நல்லெண்ணத்தோடு முன்பணம் கட்டியவர்கள் இப்போது கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்கு யார் பதில் சொல்வது?

இந்தத் திட்ட காலத்துக்குள்ளேயே நகரம் இரண்டு எல்லைகளையும் பார்த்துவிட்டது. 2015 டிசம்பரில் வெள்ளம். செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்ட அந்த இரவை இங்கே யாரும் மறக்கவில்லை. அது மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையே சொன்னது. நாலே வருடத்தில், 2019 ஜூனில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு ரயிலில் 25 லட்சம் லிட்டர் வீதம் தண்ணீர் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், மறுபடி படகு. இதற்கிடையே மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்தன, பேரூரில் நாளொன்றுக்கு 40 கோடி லிட்டர் தரும் ஆலை எழுகிறது. மழைநீரைக் கால்வாய் வெட்டிக் கடலுக்கு அனுப்ப ஒரு செலவு, அதே கடலிலிருந்து மின்சாரம் செலவழித்து எடுக்க இன்னொரு செலவு. நீடித்து நிற்கும் நகரத்தின் கணக்கு இப்படி இருக்க முடியாது. வடிகால் ஒரு துறை, குடிநீர் ஒரு துறை, ஏரி ஒரு துறை, நில வகைப்பாடு ஒரு துறை. நாலு துறைகளின் செலவையும் ஒரே தாளில் கூட்டிப் பார்க்கும் வேலை திட்டத்துடையது.

ஏரிகள் எப்படிப் போயின என்பதில் ஒரு காரணச் சங்கிலி இருக்கிறது, அதைத் திட்டக்காரர்கள் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம். ஏரியைக் காத்தது சட்டம் இல்லை, ஆயக்கட்டு, அதாவது ஏரி நீர் பாயும் வயல்கள். கீழே நெல் வயல் இருந்தவரை மதகைத் திறக்க நீர்க்கட்டி இருந்தார், வருடா வருடம் ஊர் கூடிக் கால்வாய் தூர்வாரியது, கரையில் யாராவது மண் எடுத்தால் தட்டிக் கேட்க ஆள் இருந்தது. வரைபடத்தில் அந்த வயலுக்குக் குடியிருப்பு வண்ணம் தீட்டிய நாளில் ஏரி அநாதையானது. பாசனம் இல்லை என்றானதும் ஏரி 'பயனற்றது' என்று கோப்பில் ஏறியது. அந்தக் கோப்பை வைத்து வீட்டு வசதி வாரியமே ஏரிக்குள் மனை போட்டது. முகப்பேரில் 'ஏரித் திட்டம்' என்றே ஒரு குடியிருப்புக்குப் பெயர். அதற்கும் முன்னால், 1920-களில், மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் தி.நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் ஏரிக்கரையைப் பெயரில் வைத்திருக்கும் தெரு இருக்கிறது. 2021-ல் தி.நகரில் தண்ணீர் ஏன் நின்றது என்று கேட்டவர்கள் அந்தத் தெருப் பலகையைப் பார்த்திருக்கலாம்.

கல்கத்தாவின் கதை இந்த இடத்தில் எனக்கு உதவுகிறது. அங்கே நகரின் கிழக்கே 12,500 ஹெக்டேர் சதுப்பு இருக்கிறது. நகரத்துச் சாக்கடை நீர் அங்கே மீன் பண்ணைகளுக்குள் பாய்கிறது. வெயிலும் பாசியும் அதைச் சுத்தமாக்குகின்றன, பாசியை மீன் தின்கிறது, மீனை நகரம் தின்கிறது. வெளியேறும் நீர் வயலுக்குப் போகிறது. 1992-ல் உயர் நீதிமன்றம் அங்கே நிலப் பயன்பாட்டை மாற்றத் தடை விதித்தது. 2002-ல் ராம்சர் தகுதி, 2006-ல் தனிச் சட்டம். அங்கும் ஆக்கிரமிப்பு உண்டு, மோதல் உண்டு. ஆனால் அந்தக் கோடு இவ்வளவு காலம் நின்றதற்குத் தீர்ப்பு மட்டும் காரணமாக இருக்க முடியாது. அந்தத் தண்ணீரை நம்பி உலை வைக்கும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. வரைபடத்தில் ஒரு பாதுகாப்புப் பகுதி இருந்தால், அதை நம்பி இன்று பிழைப்பவர் யார் என்று திட்டத்திலேயே எழுதியிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். எழுதவில்லை என்றால் அந்தக் கோடு அதிக நாள் தாங்காது.

மூன்றாவதாக, யாரை நகர்த்தினார்கள் என்பது. 2000 முதல் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் குடும்பங்களை எடுத்துக் கொண்டுபோய், இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி அடுக்குமாடிகளில் வைத்தார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றங்கரை ஆபத்து என்று சொல்லித்தான் இந்த வெளியேற்றம் வேகம் பிடித்தது. கொண்டுபோய் விட்ட இடமோ பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரம். ஆற்றின் வெள்ளத்திலிருந்து காப்பாற்றி சதுப்பின் வெள்ளத்தில் விட்டார்கள். மயிலாப்பூரில் நாலு வீட்டில் வேலை செய்த அக்காவுக்கு, பெரும்பாக்கத்திலிருந்து விடிகாலை பஸ் பிடித்து இரண்டு வீடுதான் முடிகிறது. பாதிச் சம்பளம், அதில் பஸ் நேரம் வேறு. இந்த இழப்பு எந்தக் குறியீட்டிலும் வராது. ஆற்றங்கரை சுத்தமானது என்று சுற்றுச்சூழல் பத்தியில் மதிப்பெண் வரும், வீடு கொடுத்தோம் என்று வீட்டு வசதிப் பத்தியிலும் வரும். ஒரே இடப்பெயர்ச்சிக்கு இரண்டு பாராட்டு. அந்த அக்காவிடம் கேட்டால் வேறு மதிப்பெண் சொல்வார். அவர் சொல்வதைத்தான் நான் நம்புவேன்.

சட்டத்தில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்று 2006 அறிவிக்கை கேட்பது ஒவ்வொரு கட்டடத் திட்டத்திடமும்தான். அதுவும் 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டினால். முழுமைத் திட்டம் என்ற பெரிய முடிவுக்கு அப்படி ஒரு கட்டாய மதிப்பீடு கிடையாது. பத்து வளாகங்கள் வரிசையாக வந்தால் பத்து அறிக்கைகளும் தனித்தனியாக 'பெரிய பாதிப்பில்லை' என்று சொல்லும். பத்தையும் சேர்த்தால் ஒரு மடுவு அடைபடும் என்பதைச் சொல்ல எந்த அறிக்கைக்கும் கடமை இல்லை.

கேட்க ஆளும் இல்லாமல் இருந்தது. 1973 முதல் 1996 வரை சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றம் இல்லை. மறுபடி 2016 அக்டோபர் முதல் 2022 வரை இல்லை. மழையும் வறட்சியும் மாறி மாறி வந்த காலத்தில் வார்டில் போய்க் கேட்கக் கவுன்சிலர் கிடையாது. எண்ணிக்கைக்கும் அடிப்படை ஆட்டம் கண்டிருக்கிறது. 2026-ல் பெருநகரில் ஏறக்குறைய 1.26 கோடி பேர் இருப்பார்கள் என்று இரண்டாவது திட்டம் கணித்தது. அது சரியா தவறா என்று பார்க்க 2011-க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பே முடியவில்லை. 2021-ல் நடந்திருக்க வேண்டியது 2027-க்குப் போயிருக்கிறது. மூன்றாவது திட்டம் பதினைந்து வருடப் பழைய எண்களில் நின்றுகொண்டு இருபது வருடம் முன்னால் பார்க்கிறது.

இனி வரப்போவதுதான் எனக்குப் பெரிய கவலை. புதிதாகச் சேர்ந்த நிலத்தில் இன்னும் உயிரோடு இருக்கும் ஏரிகள் ஏராளம். காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் மதகுக்குக் கீழே நாற்று நடுகிறார்கள். அந்தப் பக்கம்தான் பரந்தூர் விமான நிலையம் வருகிறது. 2022-ல் அறிவித்த நாளிலிருந்து ஏகனாபுரம் மக்கள் எதிர்த்து நிற்கிறார்கள். அந்த நிலத்துக்குள் ஏரிகள் இருக்கின்றன, கம்பன் கால்வாய் குறுக்கே போகிறது. அந்தக் கால்வாய் பாலாற்றுப் பக்கத்துத் தண்ணீரை ஸ்ரீபெரும்புதூர் ஏரி வரை கொண்டுவருவது. அங்கே நிறைந்தால் கீழே செம்பரம்பாக்கம். விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பதற்குள் நான் போகவில்லை. இவ்வளவு பெரிய முடிவு முதலில் வந்துவிட்டு, முழுமைத் திட்டம் பின்னால் வந்து அதைச் சுற்றி வண்ணம் தீட்டினால், அந்தத் திட்டம் எதையும் தீர்மானிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

எனவே கேட்பதைத் தெளிவாகவே கேட்டுவிடுகிறேன். மூன்றாவது திட்டத்தின் முதல் அத்தியாயம் இரண்டாவது திட்டத்தின் கணக்காக இருக்கட்டும். 2008 முதல் நடந்த ஒவ்வொரு நில வகைப்பாட்டு மாற்றமும் சர்வே எண்ணோடு, தமிழில், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வரைபடத்தில் வரட்டும். அதன் மேல் 2015, 2021, 2023 வெள்ளம் நின்ற இடங்களைப் போடட்டும். ஒவ்வோர் ஏரிக்கும் அதன் ஆயக்கட்டையும் வரத்துக் கால்வாயையும் சேர்த்து ஒரே வண்ணம் தரட்டும். ஆயக்கட்டு விவசாயி நிலத்தை விற்காமல் இருக்க என்ன வருமானம் கிடைக்கும் என்பதையும் திட்டமே சொல்லட்டும், ஏனென்றால் அவர் சும்மா நமக்காக ஏரியைக் காக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. கருத்துக்கேட்புக் கூட்டம் எழும்பூர் அரங்கத்தில் மட்டும் நடந்தால் போதாது. ஏரிப்பாசனம் நடக்கும் கிராமங்களுக்கு, வரைபடத்தில் வண்ணம் ஏறும் முன், நடவு வேலை இல்லாத மாதமாகப் பார்த்துப் போக வேண்டும். பெரும்பாக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை வைத்தால்தான் வேலைக்குப் போகும் பெண்கள் வர முடியும்.